ஹில் ஹவுஸ் கடைசி எபிசோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' என்ற பேய்த் தொடர் 2018 அக்டோபர் 12 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மொத்தம் பத்து எபிசோடுகள். பத்தையும் இயக்கியவர் மைக் ஃபிளானகன். பார்த்து முடித்த யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசி எபிசோடில்தான் போய் நிற்கிறது, அதுவும் ஏறக்குறைய அதே சந்தேகங்களோடு. அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். கதை முழுவதும் இதில் வெளிப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

காலம் முன்னும் பின்னும் போய் எனக்குக் குழம்பிப்போச்சு. கடைசி எபிசோடுக்கு முன்னாடி கதை எங்கே நிக்குது?

1992 கோடையில் ஹியூ க்ரெய்ன், அவர் மனைவி ஒலிவியா, ஐந்து பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் ஹில் ஹவுஸ் என்ற பழைய மாளிகையைச் சீர்செய்து விற்பதற்காக அங்கே குடிவருகிறது. பிள்ளைகளில் மூத்தவன் ஸ்டீவன். பிறகு ஷர்லி, தியோ. கடைசியில் இரட்டையர் லூக், நெல்லி. ஓர் இரவில் ஹியூ ஐந்து பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார். ஒலிவியா அந்த வீட்டிலேயே இறந்துபோகிறார். என்ன நடந்தது என்று ஹியூ யாரிடமும் சொல்வதில்லை.

பல வருடம் கழித்து நெல்லி தனியாக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், நூலகத்தின் சுழல் படிக்கட்டில் உயிரை விடுகிறாள். இறுதிச் சடங்கு முடிந்ததும் லூக், வீட்டைக் கொளுத்திவிட வேண்டும் என்று பெட்ரோலோடு கிளம்பிவிடுகிறான். அவனைத் தேடி ஹியூவும் ஸ்டீவனும் ஒரு பக்கம், ஷர்லியும் தியோவும் இன்னொரு பக்கம் அங்கே வந்து சேர்கிறார்கள். கடைசி எபிசோடு அந்த ஒரே இரவில் நடக்கிறது.

சிவப்பு அறைன்னு சொல்றாங்களே, அது உண்மையில என்ன?

தொடர் முழுக்கத் திறக்காமலே இருக்கும் கதவு அது. எந்தச் சாவியும் அதற்குப் பொருந்தவில்லை. ஆனால் குடும்பத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் அந்த அறைக்குள்தான் பொழுதைக் கழித்திருக்கிறார்கள் என்பதைக் கடைசி எபிசோடில் ஆவியாக வரும் நெல்லி சொல்கிறாள். லூக்கின் மரவீடு, நெல்லியின் பொம்மை அறை, தியோ நடனம் ஆடிய அறை, ஸ்டீவனின் விளையாட்டு அறை, ஷர்லி உட்கார்ந்த குடும்ப அறை, ஒலிவியாவின் வாசிப்பு அறை எல்லாமே அந்த ஒரே அறை. ஒவ்வொருவருக்கும் அது வேறு முகத்தைக் காட்டியிருக்கிறது.

எட்டாவது எபிசோடிலேயே இதற்கு வெளிப்படையான குறிப்பு இருக்கிறது. அங்கே மரவீடு என்று ஒன்று இருந்ததே இல்லை என்று ஹியூ ஸ்டீவனிடம் சொல்கிறார். பலர் அதைக் கேட்டும் கேட்காமல் கடந்துபோகிறார்கள். திரும்பிப் பார்த்தால் அந்த எல்லா அறைகளிலும் ஒரே மாதிரி உயரமான, குறுகலான ஜன்னல் இருப்பதும் தெரியும்.

வீடு ஓர் உடம்பு என்றால் இந்த அறை அதன் வயிறு என்கிறாள் நெல்லி. உள்ளே இருப்பவர்கள் அசையாமல், சத்தம் போடாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் வீட்டால் அவர்களைச் செரிக்க முடியும். அதனால்தான் அந்த அறை யாரையும் பயமுறுத்துவதில்லை. ஒவ்வொருவருக்கும் எது பிடிக்குமோ அதையே கொடுக்கிறது. ஹில் ஹவுஸின் ஆபத்தே அதன் இதமான பக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

அப்பாவுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு அறை கிடைக்கல?

தொடர் இதற்கு நேரடியாக விடை சொல்வதில்லை. நான் புரிந்துகொண்ட வரை, ஹியூ அந்த வீட்டில் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்ததில்லை. பூஞ்சை, குழாய், சுவர் என்று எப்போதும் எதையாவது பழுதுபார்த்துக்கொண்டே இருப்பார். அசையாமல் உட்காராத ஒருவருக்கு அந்த அறையில் இடமில்லை. அவர் வீட்டை வேலையாகப் பார்த்தார், மற்றவர்கள் அடைக்கலமாகப் பார்த்தார்கள். கடைசியில் அவர் அந்த அறைக்குள் போகும்போதும் ஏமாந்து போகவில்லை, தெரிந்தேதான் போகிறார்.

கடைசி எபிசோடுல நாலு பேருக்கும் கனவு வருதே, அதெல்லாம் எதுக்கு?

சிவப்பு அறை இந்த முறை பெரியவர்களைச் செரிக்கப் பார்க்கிறது. பொம்மையும் மரவீடும் இனி செல்லாது, அதனால் அவர்கள் மனதில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. ஸ்டீவனுக்குப் பிரிந்துபோன மனைவி லீ கர்ப்பமாக வீட்டில் இருக்கிறாள். ஷர்லி ஒரு பாரில், பல வருடம் முன்பு கணவனுக்குத் தெரியாமல் ஒரே ஒரு இரவு பழகிய ஆணோடு உட்கார்ந்திருக்கிறாள். தியோ தன் காதலி ட்ரிஷோடு இருக்கிறாள். லூக்குக்குப் போதை மறுவாழ்வு மையத்தில் பழகிய தோழி ஜோயி வருகிறாள்.

கனவு ஆசையாகத் தொடங்கினாலும் குற்றச்சாட்டில் போய் முடிகிறது. ஸ்டீவன் மனைவியிடம் சொல்லாமலே குழந்தை பிறக்காதபடி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவன். குடும்பத்தின் துயரத்தைப் புத்தகமாக எழுதி விற்றவன். ஷர்லி ஊரில் எல்லோரையும் நியாயம் கேட்பவள், தன் ரகசியத்தை மட்டும் உள்ளே பூட்டி வைத்தவள். தொட்டாலே மற்றவர்களின் மனதை உணர்ந்துவிடும் தியோ, யாரையும் நெருங்கவிடாமல் கையுறைக்குள் ஒளிந்துகொண்டவள். ஒவ்வொருவரும் எந்த இடத்தில் பொய்யாக வாழ்கிறார்களோ, வீடு அங்கேதான் கை வைக்கிறது.

கழுத்து முறிஞ்ச பெண்மணி நெல்லியேதான்னா, சின்ன வயசுல அவ தன்னையே எப்படிப் பார்த்தா?

சின்ன வயதிலிருந்தே நெல்லிக்குத் தெரிந்துவந்த, கழுத்து முறிந்த பெண் உருவம் யார் என்பது ஐந்தாவது எபிசோடின் முடிவில் வெளிப்படுகிறது. இறக்கும் கணத்தில் நெல்லி கீழே விழுகிறாள். அந்த விழுதல் அவளைத் தன் வாழ்க்கையின் பழைய நேரங்களுக்குள் கொண்டுபோகிறது: கணவன் ஆர்தர் இறந்த இரவு, அதற்கு முன்பு, கடைசியாகக் குழந்தையாகப் படுத்திருந்த கட்டில். சின்ன நெல்லியைப் பயமுறுத்த அந்த உருவம் வரவில்லை. பெரிய நெல்லிதான் தன் முடிவைப் பார்த்து அலறியிருக்கிறாள்.

காலம் நேர்கோடு என்று நினைத்திருந்ததாகவும், உண்மையில் நம் நேரங்கள் மழை போல, பனி போல, கன்ஃபெட்டி போல நம்மைச் சுற்றி உதிர்கின்றன என்றும் கடைசி எபிசோடில் அவள் உடன்பிறந்தவர்களிடம் சொல்கிறாள். கன்ஃபெட்டி என்பது கொண்டாட்டங்களில் தூவும் வண்ணக் காகிதத் துணுக்குகள். ஒருவரை ஒருவர் முழுமையாக நேசித்தோம், அவ்வளவுதான், மீதியெல்லாம் அந்தத் துணுக்குகள் என்று சொல்லிவிட்டு அவள் மறைகிறாள். பெரிய நெல்லியாக நடித்த விக்டோரியா பெட்ரெட்டி அதைப் பேசும் விதத்தில் கொஞ்சமும் அழுகை வரவழைக்கும் முயற்சி இல்லை. அந்தக் காட்சி அவ்வளவு வலிக்க அதுவே காரணம்.

லூக் செத்துட்டுத் திரும்பி வந்தானா?

வாசல் வரை போய்த் திரும்பினான் என்று சொல்லலாம். வீடு அவன் உடம்பில் விஷத்தை ஏற்றிவிடுகிறது. மயங்கிக் கிடக்கும் நேரத்தில், சின்ன வயதில் சிவப்பு அறையில் அம்மா நடத்திய தேநீர் விருந்துக்கே (அடுத்த கேள்வியில் அது வருகிறது) அவன் போய்ச் சேர்கிறான். அம்மா, நெல்லி, அவன் சின்ன வயதுத் தோழி அபிகெயில் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். அம்மா இருக்கச் சொல்கிறார், நெல்லி அவனைத் திருப்பி அனுப்புகிறாள். வெளியே மற்ற மூவரும் அவன் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்து வைக்கிறார்கள்.

அவனுக்காக எல்லோரும் சேர்ந்து போராடுவதை இந்தத் தொடரில் நாம் பார்ப்பது அப்போதுதான். அதுவரை போதைப்பழக்கம் உள்ள தம்பி அவர்களுக்கு ஒரு சுமை. அவன் சொன்னதை யாரும் நம்பியதில்லை.

அபிகெயில் யாரு? அவ லூக்கோட கற்பனைத் தோழிதானே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பெற்றோரும் அக்காக்களும் மட்டுமல்ல, பார்க்கும் நாமும்தான். அவள் உண்மையான சிறுமி. வீட்டைப் பராமரித்த டட்லி தம்பதியின் மகள். அந்த வீட்டின் மீதுள்ள பயத்தால் அவர்கள் அவளை வெளியே யாருக்கும் காட்டாமல் வளர்த்தார்கள். குடும்பம் வீட்டை விட்டு ஓடிய அந்த இரவில் அவள் லூக்கோடு தங்க வந்திருந்தாள்.

ஒலிவியா இரட்டையரையும் அவளையும் சிவப்பு அறைக்குக் கூட்டிப்போய்த் தேநீரில் எலி விஷத்தைக் கலந்து கொடுக்கிறார். ஹியூ வந்து கோப்பைகளைத் தட்டிவிடுவதற்குள் அபிகெயில் குடித்துவிடுகிறாள். லூக் சொன்னதை ஒரே ஒருவர் நம்பியிருந்தால்கூட அந்தக் குழந்தை இருப்பது அன்றே தெரிந்திருக்கும். தொடரிலேயே என்னால் தாங்க முடியாத இடம் இதுதான்.

அப்போ அம்மா கொலைகாரியா? அவங்களை வெறுக்கணுமா, பாவப்படணுமா?

செய்தது கொலைதான், அதைத் தொடர் மறைக்கவில்லை. ஆனால் ஒன்பதாவது எபிசோடு முழுக்க ஒலிவியாவின் பக்கத்திலிருந்து நகர்கிறது. அந்த வீட்டின் பழைய ஆவி பாப்பி ஹில், பிள்ளைகள் ஒரு கெட்ட கனவுக்குள் இருக்கிறார்கள், அவர்களை எழுப்ப வேண்டும் என்று மெல்ல மெல்ல அவர் மனதில் ஏற்றுகிறாள். தன் இரட்டையர் வளர்ந்து பிணமாகக் கிடப்பதைப் போன்ற காட்சியும் ஒலிவியாவுக்குத் தெரிகிறது. காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவர் விஷத்தைக் கலக்கிறார்.

ஒலிவியா கண்ட காட்சி முழுப் பொய்யுமில்லை. நெல்லி இறந்துதான் போனாள், லூக் போதையில்தான் விழுந்தான். ஆனால் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியதே அந்த வீட்டில் நடந்தவைதான். வீடு தான் செய்யப்போவதை முன்கூட்டியே காட்டி, அதையே காரணமாக வைத்து ஒரு தாயைப் பிடித்துக்கொள்கிறது. கார்லா குஜினோ நடிப்பில் அந்தத் தாயிடம் பைத்தியத்தை விடப் பதற்றமான பாசம்தான் அதிகம் தெரிகிறது. எனக்கு அவரை வெறுக்க முடியவில்லை. டட்லி வீட்டார் வெறுத்திருந்தால் அதுவும் நியாயமே.

இவ்வளவு நடந்த வீட்டை ஹியூ ஏன் அன்னைக்கே எரிக்கல?

எரிக்கத்தான் நினைத்தார். டட்லி தம்பதி கெஞ்சி நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டுக்குள் இறப்பவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். வீடு போனால் அபிகெயிலும் போய்விடுவாள். மகளின் ஆவியையாவது பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு அந்த வீடு தேவைப்பட்டது. வீட்டை நிற்க வைப்பதாக ஹியூ வாக்குக் கொடுக்கிறார், ஒலிவியா செய்ததை வெளியே சொல்ல மாட்டோம் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள்.

ஹியூ ஏன் பிள்ளைகளிடம் வாயைத் திறக்கவில்லை என்பதற்கும் இதுதான் பதில். அம்மா ஒரு குழந்தையைக் கொன்றார் என்பதைச் சொல்லாமல் அந்த இரவைச் சொல்ல வழியில்லை. பிள்ளைகளின் மனதில் அம்மாவைக் காப்பாற்ற, தன்னை அவர்கள் வெறுக்கும்படி விட்டுவிட்டார். அன்பினால் செய்ததுதான், ஆனாலும் அந்த மௌனம் ஐந்து பேரையும் சிதைத்தது. தொடர் இரண்டையும் ஒப்புக்கொள்கிறது.

ஹியூ எப்போ செத்தார்? ஸ்டீவன்கிட்ட பேசறப்போ உயிரோடதானே இருந்தார்?

இல்லை. பிள்ளைகள் நால்வரும் சிவப்பு அறைக்குள் அடைபட்டிருக்க, ஹியூ வெளியே ஒலிவியாவின் ஆவியிடம் பேரம் பேசுகிறார். கதவைத் திற, பிள்ளைகளைப் போக விடு, நான் உன்னோடு இருந்துவிடுகிறேன் என்கிறார். தன் மாத்திரைகளை விழுங்கி அங்கேயே உயிரை விடுகிறார். கதவு திறக்கிறது.

லூக்கை மருத்துவமனைக்குத் தூக்கிப்போகும் அவசரத்தில் தியோவுக்கும் ஷர்லிக்கும் எதுவும் தெரிவதில்லை. ஸ்டீவனை மட்டும் ஹியூ நிறுத்தி, அந்தப் பழைய இரவில் நடந்ததைக் காட்டுகிறார். நடுவில் தரையில் கிடக்கும் அப்பாவின் உடலை ஸ்டீவன் பார்க்கிறான். அதுவரை பேயே கிடையாது, எல்லாம் மனநோய் என்று அடித்துச் சொன்னவன் அவன்தான். அவனுக்கு முழு உண்மையையும் சொல்வது ஓர் ஆவி. வயதான ஹியூவாக நடித்த திமோத்தி ஹட்டன் இந்தக் காட்சியில் பேசுவது மிகக் குறைவு, அதுவே போதுமானதாக இருக்கிறது.

சரி, முக்கியமான கேள்வி. அவங்க நிஜமாவே வெளியே வந்தாங்களா, இல்ல இன்னும் சிவப்பு அறைக்குள்ளதான் இருக்காங்களா?

கடைசிக் காட்சியில் லூக் போதையை விட்டு இரண்டு வருடம் ஆனதைக் கொண்டாடுகிறார்கள். ஸ்டீவனும் லீயும் மறுபடி ஒன்றாக, அவள் கர்ப்பமாக. தியோ கையுறைகளைத் தூக்கிப்போட்டுவிட்டாள். ஷர்லி கணவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். கேக்கின் நிறம் சிவப்பு. எல்லாம் இவ்வளவு நன்றாக இருப்பதும் அந்தச் சிவப்பும் சேர்ந்துதான் சந்தேகத்தைக் கிளப்புகின்றன. சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் இரண்டாவது கேள்வியில் சொன்னபடி அந்த அறையின் வேலையே பிடித்ததைக் காட்டுவதுதான்.

ஃபிளானகனே இதை யோசித்திருக்கிறார். அந்தக் கடைசிக் காட்சியின் பின்னணியில் சிவப்பு அறையின் ஜன்னலை வைத்து, இவர்கள் இன்னும் உள்ளேதான் என்று காட்டும் திட்டம் ஒரு கட்டத்தில் இருந்தது என்றும், அது மிகவும் கொடுமையாகப் பட்டதால் விட்டுவிட்டேன் என்றும் பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாம் பார்க்கும் காட்சியில் அந்த ஜன்னல் இல்லை.

பேட்டியை விட்டுவிட்டாலும், வெளியே வந்துவிட்டார்கள் என்பதற்குக் கதையிலேயே எனக்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது. அந்த அறை எந்தக் கனவிலும் யாரையும் உண்மை பேச வைத்ததில்லை, மறைத்ததை மறைத்தபடியே வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. கடைசிப் பகுதியிலோ ஒவ்வொருவரும் தாங்களாகவே வாயைத் திறக்கிறார்கள். இது எட்டாவது எபிசோடிலேயே தொடங்கிவிடுகிறது. காரில் அக்கா தங்கை சண்டையின் நடுவே நெல்லியின் உருவம் அலற, காரை நிறுத்தி இறங்கும் தியோ, நெல்லியின் உடலைத் தொட்டபோது தனக்கு எதுவுமே உணர முடியாமல் போன பயங்கரத்தை ஷர்லியிடம் கொட்டுகிறாள். பிறகு ஹியூ ஸ்டீவனிடம், ஷர்லி கணவனிடம், ஸ்டீவன் லீயிடம். இப்படிப்பட்டவர்களைச் செரிப்பது அந்த வீட்டுக்குக் கடினம்.

முடிவு ரொம்ப இனிப்பா இருக்குன்னு எனக்குத் தோணுது. பேய்க்கதைக்கு இது பொருந்துதா?

இந்தக் குறையைப் பலர் சொல்கிறார்கள், ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். பின்னணிப் பாட்டு ஓட, நால்வரின் சிக்கலும் சில நிமிடங்களில் தீர்வது அவசரமாகத்தான் இருக்கிறது. ஸ்டீவனை லீ மன்னிக்க எடுத்திருக்கக்கூடிய காலத்தை நாம் பார்க்கவே இல்லை.

ஆனால் டட்லி பகுதியைக் கவனியுங்கள். வயதான கிளாரா டட்லி சாகும் தறுவாயில் இருக்க, கணவர் அவரைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் வருகிறார், அங்கே இறந்து மகளோடு சேரட்டும் என்பதற்காக. அவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் அவர்கள் மகளைக் கொன்றதும் அதே வீடுதான். ஹியூவும் ஒலிவியாவும் நெல்லியும் ஒன்றாக இருக்கிறார்கள், அதுவும் அந்த வயிற்றுக்குள். இதை இனிப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்த வீடு என்ன ஆகும்? இன்னும் யாரையாவது பிடிக்காதா?

பொறுப்பு ஸ்டீவனிடம் வந்துவிட்டது. வீட்டை விற்காமல், எரிக்காமல், யாரையும் உள்ளே விடாமல் அது தானாகவே பட்டினியில் சாகட்டும் என்பதுதான் அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்த ஏற்பாடு. உண்மையை வைத்துக்கொண்டு வாழ வேண்டியவன் இப்போது அவன். அப்பாவுக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம், அவன் அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

நாவல்லயும் இப்படித்தான் முடியுதா?

இல்லவே இல்லை. தொடருக்கு அடிப்படையான ஷர்லி ஜாக்சனின் நாவல் 1959இல் வந்தது. அதில் இந்தக் குடும்பமே கிடையாது. ஹியூ க்ரெய்ன் என்பது வீட்டைக் கட்டியவரின் பெயர். எலனோர், தியோடோரா, லூக் ஆகியோர் ஓர் ஆய்வுக்காக அங்கே வந்து சேரும் அந்நியர்கள். எலனோர் கடைசியில் காரை மரத்தில் மோதி இறக்கிறாள். தொடர் எடுத்துக்கொண்டது பெயர்களையும் வீட்டின் குணத்தையும்தான். ஷர்லி என்ற பாத்திரத்தின் பெயரே நாவலாசிரியருக்குச் செய்த மரியாதை.

நாவலின் தொடக்கமும் முடிவும், அங்கே நடமாடுவது எதுவோ அது தனியாகவே நடமாடியது என்ற பொருளில் முடிகின்றன. தொடரின் முதல் எபிசோடில் ஸ்டீவன் குரலில் நாம் கேட்பதும் அதையே. கடைசி எபிசோடில் அதே ஸ்டீவன் அதை மாற்றி, அங்கே நடப்பவர்கள் சேர்ந்தே நடக்கிறார்கள் என்கிறான். நாவலை நேசிப்பவர்களில் சிலருக்கு இந்த மாற்றம் கோபமூட்டுகிறது, ஏனென்றால் ஜாக்சனின் பயங்கரமே அந்தத் தனிமைதான். எனக்கு இது பாத்திரத்துக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. நம்பாமல் எழுதிய ஒருவன், எல்லாம் தெரிந்த பிறகு தன் வரியைத் திருத்துகிறான்.

இரண்டாவது சீசன் வந்ததா? அதுல இவங்க கதை தொடருதா?

2020 அக்டோபர் 9 அன்று 'தி ஹாண்டிங் ஆஃப் பிளை மேனர்' வந்தது. ஒன்பது எபிசோடுகள், முற்றிலும் வேறு கதை. முதல் சீசனில் நடித்த விக்டோரியா பெட்ரெட்டி, ஆலிவர் ஜாக்சன்-கோஹன், ஹென்றி தாமஸ் போன்றவர்கள் வேறு வேடங்களில் வருகிறார்கள். க்ரெய்ன் குடும்பத்தின் கதை முதல் சீசனோடு முடிந்தது.

மறுபடி பார்க்கலாம்னு இருக்கேன். எதைக் கவனிக்கணும்?

கடைசி எபிசோடைப் பார்த்த கையோடு முதல் எபிசோடைப் போடுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனியாக இருக்கும் அறைகளின் ஜன்னலைப் பாருங்கள். கதவிடுக்கில், மாடிப்படியின் அடியில், பியானோவுக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் முகங்கள் பல எபிசோடுகளில் ஒளிந்திருக்கின்றன. கதை அவற்றைச் சுட்டிக்காட்டுவதே இல்லை. நெல்லியின் மனநல மருத்துவராக வருபவரையும் கவனியுங்கள். அவர் ரஸ் டாம்ப்ளின், இதே நாவலை வைத்து 1963இல் வந்த படத்தில் லூக்காக நடித்தவர்.

ப்ளூ-ரே கிடைத்தால் அதில் 1, 5, 10 ஆகிய மூன்று எபிசோடுகளுக்கும் இயக்குநரின் நீண்ட வடிவம் உண்டு. முதல்முறை பார்ப்பவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் வடிவமே போதும். கதை தெரிந்தவர்கள் பத்தாவதை மட்டுமாவது அந்த வடிவில் பாருங்கள்.